திரையைக் கட்டியவர்களும் பெட்டியைப் பெற்றவர்களும்

1960களில் பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கில் கொழுந்தெடுத்த ஒருத்தி தீபாவளி முற்பணத்தை எப்படிச் செலவழித்தாள் என்று கணக்கப்பிள்ளையின் செக்ரோலில் எழுதியிருக்காது. புடவை, பிள்ளைகளுக்குச் சட்டை, பலகாரச் சாமான். இவை போக மிஞ்சியதில் நோர்வூட் வழியாக ஹட்டனுக்குப் பஸ் ஏறி ஒரு படம். அந்தக் கடைசிச் சில்லறையின் பின்னாலேயே போனால் இலங்கையின் பெரிய சினிமாக் குடும்பங்களின் கதைக்குள் நுழைந்துவிடலாம்.

ஹட்டனில் கிழித்த டிக்கெட்டின் காசில் ஒரு பங்கு தியேட்டர்காரருக்கு, ஒரு பங்கு வரிக்கு. இன்னொரு பங்கு, அந்தப் படத்தைச் சென்னையிலிருந்து இலங்கை உரிமையோடு வாங்கி வந்த கொழும்புக் கொம்பனிக்கு. அப்படிப்பட்ட கொம்பனிகள் அன்று பெரிதாக மூன்றுதான்: சிலோன் தியேட்டர்ஸ், சினிமாஸ் லிமிடெட், சிலோன் என்டர்டெயின்மென்ட்ஸ். பெட்டியில் வரும் பிரதிகள் சில. அவை முதலில் கொழும்பில் ஓடும், பிறகு கண்டி போன்ற நகரங்களில். மலைக்கு ஏறி வரும்போது பிலிமில் மழை பெய்யும். தோட்டத்துச் சனம் அதைப் பற்றிக் குறைசொன்னதாகத் தெரியவில்லை. கண்டியில் பிறந்த எம்.ஜி.ஆரைப் பார்க்கக் கொஞ்சம் கீறல் ஒரு பொருட்டா?

மூன்றில் மூத்தது சிலோன் தியேட்டர்ஸ். யாழ்ப்பாணத்துத் தமிழரான சிற்றம்பலம் கார்டினர் 1928இல் தொடங்கியது. கொழும்பு ரீகல் அவர்களுடையது. ரீகல் நிற்கும் வீதிக்கே இன்று சேர் சிற்றம்பலம் ஏ. கார்டினர் மாவத்தை என்றுதான் பெயர். படம் காட்டிய ஒருவருக்கு வெள்ளைக்காரன் சேர் பட்டமும் நாடு ஒரு வீதியும் கொடுத்ததை நினைத்துப் பார்த்தால், அந்தத் தொழிலுக்கு அன்றிருந்த மதிப்பு விளங்கும்.

ஆனால் என் கண்ணில் இந்தக் கதையின் நாயகன் கார்டினர் அல்ல. சினிமாஸ் லிமிடெட்டின் கே. குணரத்தினம். கார்டினர் கனவான். குணரத்தினம் வியாபாரி. இறக்குமதி, விநியோகம், தியேட்டர், தயாரிப்பு, ஸ்டூடியோ என்று சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் தன் கைக்குள் கொண்டுவரப் பார்த்தவர். 1953இல் வெளிவந்து சிங்கள ரசிகர்களை அள்ளிய ‘சுஜாதா’ அவர் தயாரிப்பு. இந்திப் படம் ஒன்றின் கதையைச் சிங்களத்துக்குக் கொண்டுவந்த படம் அது. ஏழு வருடம் கழித்து, ‘ரேகாவ’ என்ற படத்தால் உலகத்தில் பெயர் வாங்கியும் உள்ளூரில் காசு பார்க்காத லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸை அழைத்து ‘சந்தேசய’வை எடுக்கவைத்தார். போர்த்துக்கேயர் காலத்துக் கதை, பாட்டு, சண்டை எல்லாம் கலந்த படம். கலைஞனையும் கல்லாவையும் ஒரே மேசையில் உட்கார வைக்கத் தெரிந்திருந்தது அவருக்கு. ஹெந்தளையில் அவர் நடத்திய விஜயா ஸ்டூடியோவில் உருவான சிங்களப் படங்கள் ஏராளம்.

இங்கே ஒரு கேள்வி எழும். தமிழ் முதலாளிகள், தமிழ்ப் படத்தை விற்றுச் சம்பாதித்தவர்கள், ஏன் சிங்களத்தில் படம் எடுத்தார்கள்? 1947இல் வந்த முதல் சிங்களப் பேசும் படத்தைத் தயாரித்ததே எஸ். எம். நாயகம் என்ற தமிழர்தான், அதுவும் மதுரையில். சிலோன் தியேட்டர்ஸும் பின்னாளில் லெஸ்டரின் ‘கொலு ஹதவத்த’, ‘நிதானய’ போன்ற படங்களுக்குப் பணம் போட்டது. இதில் மொழிப்பற்று, மொழித்துரோகம் என்று தேடுவது வீண். சென்னையில் லட்சக்கணக்கில் கொட்டி எடுத்த சிவாஜி படத்தின் இலங்கை உரிமை அதில் ஒரு சிறு பகுதி விலைக்குக் கிடைக்கும்போது, இங்கே தமிழில் ஒரு படம் எடுத்து அதே சிவாஜியோடு மோதவிட எந்த வியாபாரிக்குப் பைத்தியம்? சிங்களப் படத்துக்கு அக்கரையில் போட்டி கிடையாது. அவ்வளவுதான் கணக்கு. அந்தக் கணக்கில் ஈழத்துத் தமிழ்ச் சினிமாவும் மலையகத்துக் கதையும் வெளியே நின்றன என்பது வேறு விடயம்.

குணரத்தினத்தின் சாம்ராஜ்யத்தில் முதல் விரிசல் சினிமாவால் வரவில்லை. 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் இந்திய வம்சாவளியினரில் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தது. ஹட்டன் ஸ்டேசனில் இந்தியா போகிறவர்களை ஏற்றிக்கொண்டு ‘ஒப்பாரி கோச்சி’ புறப்பட்டபோது, தீபாவளிக்குத் தவறாமல் டிக்கெட் வாங்கிய கூட்டத்தில் ஒரு பெரும் பகுதியும் தலைமன்னாருக்குப் போனது. கொழும்புக் கொம்பனிகளின் கணக்குப் புத்தகத்தில் இதை யாரும் தனியாக எழுதி வைத்திருக்க மாட்டார்கள். ஆனால் மலைநாட்டுத் தியேட்டர்களின் வருமானம் யாரை நம்பியிருந்தது என்பதை அந்தத் தியேட்டர்களில் சோடா விற்றவனிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பான்.

இரண்டாவது அடி அரசாங்கத்தினது. 1972இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் வந்தது. படங்களை இறக்குமதி செய்வதும் விநியோகிப்பதும் அதன் ஏகபோகம் ஆனது. மூன்று கொம்பனிகளின் முதுகெலும்பே இறக்குமதிதான். அது போனபின் தியேட்டர் என்பது கூட்டுத்தாபனம் அனுப்பும் பெட்டிக்காகக் கதவைத் திறந்துவைக்கும் கட்டடம் மட்டுமே. அந்நியச் செலாவணிப் பஞ்சத்தில் தென்னிந்தியப் படங்களின் வரவும் சுருங்கியது. இதில் மலையகத்துக்கு ஒரு சிறு நன்மை நடந்தது. தொழிற்சங்கவாதி வி. பி. கணேசன் தயாரித்து நடித்த ‘புதிய காற்று’ 1975இல் வந்தது. கதை வசனம் தெளிவத்தை ஜோசப். லயத்து மனிதர் திரையில் தங்களையே பார்த்தார்கள். சென்னைப் படங்கள் முன்போலத் தாராளமாக வந்துகொண்டிருந்தால் இந்தப் படத்துக்கு நாட்கள் கிடைத்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகமே.

இதற்கிடையில்தான் தொலைக்காட்சிப் பெட்டி வருகிறது. 1977க்குப் பிறகு பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. 1979 ஏப்ரலில் ஷான் விக்கிரமசிங்கவும் கூட்டாளிகளும் பன்னிப்பிட்டியவில் ஒரு கோபுரத்தை நிறுத்தி ஐ.டீ.என். என்ற தனியார் தொலைக்காட்சியைத் தொடங்கினார்கள். தொடங்கியவர் ஜனாதிபதி ஜே.ஆரின் உறவுக்காரர், அமைச்சராக இருந்த ரணிலின் சகோதரர். இருந்தும் இரண்டு மாதம் ஆகவில்லை, ஜூனில் அரசாங்கம் அதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. சொந்தக்காரனுக்கே இதுதான் கதி என்றால், தியேட்டர் வைத்திருந்த தமிழ் முதலாளி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பாரா? 1982 பெப்ரவரி 15இல் யப்பானிய உதவியோடு ரூபவாஹினி வந்தது. நம் நுவரெலியாவின் பீதுருதாலகால உச்சியில் அதன் ஒளிபரப்புக் கோபுரம் ஏறியது. பின்னாளில் நாட்டின் மிக உயர்ந்த மலைக்குப் பொதுமக்கள் ஏறுவதும் நெடுங்காலம் தடைப்பட்டது.

கோபுரம் பக்கத்து மலையில் இருந்தாலும் மின்சாரம் லயத்துக்கு வர வெகுகாலம் பிடித்தது. கார் பேட்டரியில் ஓடிய கறுப்பு வெள்ளைப் பெட்டி, அது வைத்திருந்த ஒரு காம்பரா, அதற்குள் முழு லயமும். பேட்டரியைச் சார்ஜ் செய்ய டவுனுக்குத் தூக்கிப் போவது பையன்களின் வேலை. ஹட்டனுக்குப் பஸ் ஏறிய காசு மெல்ல மெல்ல இந்தப் பேட்டரிக்குத் திரும்பியது. (படத்துக்கும் பொகவந்தலாவைக்கும் உள்ள உறவு இதைவிடப் பழையது என்பதைச் சொல்லாமல் போக மனமில்லை. நிழற்படக் கலையின் பெரிய பெயர்களில் ஒன்றான ஜூலியா மார்கரெட் கமரன் 1879இல் இறந்து, இங்குள்ள செயின்ட் மேரிஸ் தேவாலய வளவில்தான் அடக்கமாகியிருக்கிறார்.)

சினிமாக் குடும்பம் ஒன்று பெட்டிக்குள் போவது உலகத்தில் நடக்காத காரியம் அல்ல. இங்கிலாந்தில் சிட்னி பேர்ன்ஸ்டீன் தகப்பன் விட்டுப்போன சில படக்கொட்டகைகளை ‘கிரனாடா’ என்ற பெரும் தியேட்டர் வரிசையாக வளர்த்தவர். தொலைக்காட்சி தன் தியேட்டர்களைத் தின்றுவிடும் என்று அவருக்குத் தெரியும். தின்னப்போவதை நாமே வளர்ப்போம் என்று உரிமத்துக்கு விண்ணப்பித்தார். 1956 மே மாதம் மான்செஸ்டரிலிருந்து கிரனாடா டெலிவிஷன் ஒளிபரப்பைத் தொடங்கியது. 1960இல் அது ஆரம்பித்த ‘கொரனேஷன் ஸ்ட்ரீட்’ தொடர்நாடகம் இன்றும் ஓடுகிறது. ஏன் வட இங்கிலாந்தைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்டவர்களிடம், சனத்தொகை வரைபடத்தையும் மழை வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன் என்று அவர் சொன்னதாக ஒரு கதை உண்டு. மழை பெய்தால் சனம் வீட்டில் இருக்கும், பெட்டியைப் பார்க்கும். அந்தக் கணக்குப்படி பார்த்தால் பொகவந்தலாவை போன்ற இடம் கிடைக்காது. ஆனால் பேர்ன்ஸ்டீனுக்கு இருந்தது எங்கள் முதலாளிகளுக்கு இல்லை: சட்டப்படி விண்ணப்பம் கோரி, சட்டப்படி உரிமம் கொடுத்து, கொடுத்ததை அடுத்த மாதமே பறிக்காத ஓர் அதிகாரசபை.

1983 ஜூலை இனக்கலவரத்தில் குணரத்தினத்தின் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோ எரிந்தது. எரித்தவர்கள் தமிழன் சொத்து என்று எரித்தார்கள். உள்ளே சாம்பலானவற்றில் சிங்களப் படங்களின் மூலப் பிலிம்கள் நிறைய. தங்கள் மொழியின் நினைவையே கொளுத்துகிறோம் என்று அந்தக் கூட்டத்தில் ஒருவனுக்கும் தெரிந்திருக்காது. குணரத்தினம் அதற்குப் பிறகும் நாட்டைவிட்டுப் போகவில்லை. 1989இல், தெற்கில் ஜே.வி.பி. கிளர்ச்சி உச்சத்தில் இருந்தபோது, கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்டார். தனியாருக்குத் தொலைக்காட்சி மீண்டும் திறந்துவிடப்பட்டது 1992இல். மூன்றே வருட இடைவெளி. ஸ்டூடியோ, தியேட்டர், படங்களின் உரிமை, இரண்டு மொழி ரசிகர்களின் நாடியும் தெரிந்த மூளை என்று ஒரு சனலுக்கு வேண்டிய எல்லாம் ஒரு காலத்தில் வைத்திருந்த மனிதர் அதைப் பார்க்க இல்லை.

சிலோன் தியேட்டர்ஸ் வேறு வழியில் தப்பியது. 1981இல் கார்கில்ஸ் கொம்பனியை வாங்கி, 1983இல் முதல் சுப்பர்மார்க்கெட்டைத் திறந்தது. பம்பலப்பிட்டி மெஜஸ்டிக் தியேட்டர் இருந்த இடத்தில் மெஜஸ்டிக் சிட்டி எழுந்தது. ஹட்டனில் கார்கில்ஸ் பூட் சிட்டிக்குள் பருப்பும் சவர்க்காரமும் வாங்குகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும், தங்கள் தாத்தா பாட்டி படம் பார்க்கக் கொடுத்த காசு போன அதே வீட்டுக்குத்தான் இதுவும் போகிறது என்று? வியாபாரமாகப் பார்த்தால் கெட்டிக்காரத்தனமான முடிவு இதுதான். சோற்றுக்கு யாரும் தணிக்கை வைப்பதில்லை.

பெட்டியைப் பெற்றவர்கள் வேறு வீட்டார். அடகு, தங்கநகை வியாபாரத்தில் நின்ற எதிரிசிங்க குடும்பம், ஈ.ஏ.பி. என்ற பெயரில் தியேட்டர்களுக்குள் வந்தது. வெள்ளவத்தை சவோய் அவர்களுடையதானது. கொழும்புத் தமிழர் புதுப் படத்துக்கு முதலில் எட்டிப்பார்க்கும் இடம். 90களில் சுவர்ணவாஹினி தொலைக்காட்சி, வானொலிகள். 2000ஐ ஒட்டி கூட்டுத்தாபனத்தின் விநியோக ஏகபோகம் தளர்ந்தபோது ஈ.ஏ.பி. ஒரு விநியோக வட்டத்துக்கும் உரிமையாளர் ஆனது. குழுமத்தின் தலைவியாக இருந்த சோமா எதிரிசிங்க சிங்களப் படங்களையும் தயாரித்தார். பேர்ன்ஸ்டீன் செய்ததும் குணரத்தினம் செய்ய நினைத்திருக்கக்கூடியதும் இதுதான்: படம் எடு, சொந்தத் தியேட்டரில் ஓட்டு, சொந்தச் சனலில் விளம்பரப்படுத்து, ஓடி முடிந்ததும் சொந்தச் சனலிலேயே போடு. ஒரே காசு நான்கு பைக்குள் புகுந்து வெளியே வராது.

ஆனால் குழுமத்தின் அடித்தளம் சினிமா அல்ல, பொதுமக்களின் வைப்புப் பணம். 2015இல் சோமா எதிரிசிங்க காலமானார். 2018 ஜனவரி 2ஆம் திகதி மத்திய வங்கி குழுமத்தின் ஈ.டீ.ஐ. நிதி நிறுவனத்தின் செயற்பாடுகளை இடைநிறுத்தியது. குழுமத்தின் சொத்துகளை 75 மில்லியன் டொலருக்கு விற்று வைப்பாளர்களின் கடனை அடைக்கும் திட்டம் பேசப்பட்டது. 2020 ஜூலையில் நிதி நிறுவனத்தின் அனுமதிப்பத்திரமே ரத்தானது. பணத்தைக் கேட்டு வைப்பாளர்கள் வீதியில் நின்றார்கள். தியேட்டர்காரன் தோற்றால் தோற்பது தியேட்டர் மட்டும். அடுத்தவன் சேமிப்பில் பெட்டி வாங்கியவன் தோற்றால் தோற்பது யார் என்று அந்த வரிசையில் நின்றவர்கள் காட்டினார்கள்.

சுவர்ணவாஹினி அதன்பின் லைக்கா குழுமத்தின் சுபாஸ்கரன் அல்லிராஜாவிடம் போனது. முல்லைத்தீவில் பிறந்து, ஐரோப்பாவில் தொலைபேசி அட்டை விற்று வளர்ந்து, சென்னையில் ‘2.0’, ‘பொன்னியின் செல்வன்’ என்று படமெடுக்கும் மனிதர். கார்டினருக்கும் குணரத்தினத்துக்கும் கிட்டாத, சென்னைப் படத்தையும் கொழும்பு ஒளிபரப்பையும் ஒருசேர வைத்திருக்கும் வாய்ப்பு ஓர் ஈழத் தமிழர் கைக்கு வந்திருக்கிறது. சனல் மட்டும் சிங்களத்திலேயே பேசுகிறது. அதிலும் தப்பில்லை, குணரத்தினம் போட்ட அதே கணக்குத்தான். தமிழுக்கு அக்கரையில் போட்டி அதிகம்: பொகவந்தலாவை லயங்களின் தகரக் கூரைமேல் சாய்ந்து நிற்கும் டிஷ் எல்லாம் சென்னைச் சீரியலைத்தான் இழுத்துக்கொண்டிருக்கின்றன. கொழுந்தெடுத்துவிட்டு வருகிறவள் மாதாமாதம் அதற்கு ரீலோட் போடுகிறாள். தீபாவளி முற்பணம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.