'எழுதப் பிடிக்கும்'னு சொன்னா போதுமா? அமெரிக்கக் கல்லூரி விண்ணப்பத்தில் எழுத்து ஆர்வத்தைக் காட்டுவது எப்படி?

தமிழ்நாட்டு அரசு கலைக் கல்லூரியில் பி.ஏ. தமிழ் சேர பிளஸ் 2 மார்க்தான் கணக்கு. நோட்டு நோட்டாகக் கவிதை எழுதியிருந்தாலும் அந்த நோட்டை யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் அமெரிக்காவில் பல கல்லூரிகள் மார்க்கோடு சேர்த்து, வகுப்புக்கு வெளியே மாணவர் என்ன செய்தார் என்பதையும் பார்க்கின்றன. அங்கே விண்ணப்பிக்கும் நம்ம ஊர் பிள்ளைகள் எழுத்து ஆர்வத்தை எங்கே, எப்படிக் காட்டணும்?

எங்கே காட்டுவது?

1,000-க்கும் அதிகமான கல்லூரிகளுக்கு 'காமன் ஆப்' என்ற ஒரே தளம் வழியாக விண்ணப்பிக்கலாம். ஒவ்வொரு ஆண்டும் ஆகஸ்ட் 1 அன்று புதிய விண்ணப்பம் திறக்கும். அதில் எழுத்து ஆர்வத்துக்கு முக்கியமாக 3 இடங்கள் இருக்கு: செயல்பாடுகள் பட்டியல், கட்டுரை, ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம்.

பட்டியலில் என்ன எழுதணும்?

அதிகபட்சம் 10 செயல்பாடுகள். ஒவ்வொன்றையும் விவரிக்க, இடைவெளியும் சேர்த்து 150 கேரக்டர் மட்டுமே. வாரத்துக்கு எத்தனை மணி நேரம், ஆண்டுக்கு எத்தனை வாரம் என்றும் கேட்பார்கள்.

'சிறு வயது முதல் எழுத்தில் பேரார்வம்' என்று எழுதினால் படிப்பவருக்கு எதுவும் தெரியாது. 'பள்ளி கையெழுத்து இதழின் ஆசிரியர். 2 ஆண்டில் 6 இதழ். 15 மாணவர்களின் கதைகளைத் திருத்தினேன்' என்றால் செய்த வேலை கண்ணுக்குத் தெரியும். ஆர்வம்ங்கிற வார்த்தையே அங்கே தேவைப்படாது.

தமிழில் எழுதியது கணக்கில் வருமா?

கண்டிப்பாக வரும். பலரும் இதை விட்டுவிடுகிறார்கள். பள்ளி ஆண்டு மலரில் வந்த கதை, ஊர் நூலகப் போட்டிக் கவிதை, தாத்தாவிடம் கேட்டு எழுதிய ஊர் வரலாறு எல்லாம் சேரும். எந்த மொழி, என்ன வகை எழுத்து என்று ஆங்கிலத்தில் ஒரு வரி சொன்னால் போதும். எழுத்து மாதிரிகளை ஏற்கும் கல்லூரி என்றால், விதியைப் பார்த்துவிட்டு, சொந்தமாக மொழிபெயர்த்து அனுப்பலாம்.

பரிசு எதுவும் வாங்கலையே?

பரிசு கட்டாயம் இல்லை. தொடர்ந்து செய்ததுதான் பேசும். போட்டியில் கலந்துக்க ஆசை இருந்தால், ராயல் காமன்வெல்த் சொசைட்டி 1883 முதல் நடத்திவரும் கட்டுரைப் போட்டி இந்திய மாணவர்களுக்கும் உண்டு.

கட்டுரை எதைப் பற்றி?

250 முதல் 650 வார்த்தை வரை. எழுத்தைப் பற்றியே எழுதணும்னு அவசியமில்லை. அப்பாவின் டீக்கடையைப் பற்றி எழுதலாம், பஸ் பயணத்தைப் பற்றி எழுதலாம். நன்றாக எழுதிய கட்டுரையே ஆர்வத்துக்குச் சாட்சி. பிரின்ஸ்டன் போன்ற பல்கலைக்கழகம், பள்ளியில் ஆசிரியர் மார்க் போட்டுத் திருத்திய கட்டுரை ஒன்றையும் தனியாகக் கேட்கிறது. அதனால் திருத்திய தாள்களைத் தூக்கிப் போட வேண்டாம்.

பரிந்துரைக் கடிதம்?

மாணவரின் எழுத்தைப் படித்த ஆசிரியரிடம் கேட்பது நல்லது. கடைசி வாரத்தில் போய் நிற்காமல், 2 மாதம் முன்பே கேட்டு, எழுதியவற்றின் நகலையும் கொடுத்தால் அவருக்கும் சொல்ல விஷயம் இருக்கும்.

எதைச் செய்யக் கூடாது?

காசு கொடுத்து இன்னொருவரை எழுதச் சொல்வது, ஏஐ எழுதியதைத் தன்னுடையதாக அனுப்புவது இரண்டும் ஆபத்து. ஏஐ உருவாக்கியதைச் சொந்தப் படைப்பாகக் காட்டுவதை காமன் ஆப் தன் விதிகளில் மோசடியாகவே வகைப்படுத்தியிருக்கிறது. எழுத்துதான் என் பலம் என்று சொல்பவர் அதிலேயே மாட்டினால், மொத்த விண்ணப்பமும் நம்பிக்கையை இழக்கும்.

எப்போது தொடங்கலாம்?

பல கல்லூரிகளில் முன்கூட்டிய விண்ணப்பத்துக்கு நவம்பர் 1, வழக்கமான விண்ணப்பத்துக்கு ஜனவரி தொடக்கம் கடைசி நாள். பிளஸ் 1 படிப்பவர்கள் இப்போதே ஒரு ஃபைல் போட்டு, எழுதியதையெல்லாம் தேதியோடு சேர்த்து வைக்கலாம். 150 கேரக்டரில் சொல்ல வேண்டியது அதிலிருந்துதான் கிடைக்கும்.