வாயில்லாப் பிராணியின் தீனிக்கு யார் பொறுப்பு?

தெப்பக்காடு முகாமில் வேளை வந்துவிட்டால் யானைகள் வரிசையாக வந்து நிற்கும். ராகிக் களி, கொள்ளு, சோறு, வெல்லம், உப்பு என்று எல்லாம் கால்நடை டாக்டர் சொன்ன அளவுப்படிதான். பாகன் உருட்டி வாயில் வைக்கிறார். அந்த உருண்டைக்கு யார் பொறுப்பு என்ற சந்தேகமே இல்லை, வனத்துறைதான் பொறுப்பு.

மாதச் சந்தா கட்டி, பார்சலில் தீனி வரவழைக்கும் வீட்டு நாயின் கதை வேறு. தயாரிப்பவர் ஒருவர், விற்பவர் வேறொருவர். நாய் படுத்துவிட்டாலோ, "கம்பெனிக்குப் பொறுப்பில்லை, வழக்கு எங்கள் ஊரில்தான்" என்று பொடி எழுத்தில் ஒரு நிபந்தனை இருக்கும். சந்தா கட்டும்போது அதை யார் படிக்கிறார்கள்?

கலங்க வேண்டியதில்லை. சரக்கின் குறையால் ஒருவருடைய உடலுக்கோ உடைமைக்கோ தீங்கு நேர்ந்தால் நஷ்டஈடு கேட்கலாம் என்கிறது 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். சட்டத்தின் கண்ணுக்கு நாய் வீட்டுப் பிள்ளை அல்ல, உடைமை! கேட்கக் கசப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் வைத்தியச் செலவைக் கேட்க வழி விடுவது அந்த வார்த்தைதான்.

வழக்குக்காக வெளியூர் ஓட வேண்டாம். தாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுச் செய்யலாம். தெப்பக்காட்டுக்காரருக்கு உதகமண்டலம் போதும். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுக் கட்டணம் கிடையாது. கெடு 2 ஆண்டு.

சந்தாவில் சேர்வது சுலபம், விலகுவது கஷ்டம் என்று வைத்திருக்கிறார்களா? அதற்குச் 'சந்தாப் பொறி' என்று பெயரிட்டு, 2023ஆம் ஆண்டிலேயே மத்திய அரசு தடை போட்டிருக்கிறது. சம்மதக் கட்டத்தில் கம்பெனியே முன்கூட்டிக் குறி போட்டு வைப்பதும் கூடாது என்கின்றன 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும் என்பதும் அவற்றில் உண்டு.

வளர்ப்பவருக்கும் கடமை இருக்கிறது. பொருளை முறை தவறிப் பயன்படுத்தியிருந்தால் விற்பவர் மேல் வழக்கு நிற்காது. பையில் அச்சிட்ட அளவை மீறிப் போட்டுவிட்டுப் பழியை அவர் தலையில் கட்ட முடியாது. அளவு பார்த்துப் போடும் தெப்பக்காட்டு வழக்கம் வீட்டு நாய்க்கும் பொருந்தும்.

நாய்க்கு உடம்பு சரியில்லை என்றதும் மீதித் தீனியைக் குப்பையில் கொட்டிவிடக் கூடாது. பை, அதில் உள்ள தயாரிப்புத் தேதி, தொகுதி எண், ரசீது, கால்நடை டாக்டரின் சீட்டு எல்லாவற்றையும் பத்திரப்படுத்த வேண்டும். பாவம், நாய் கூண்டேறிச் சாட்சி சொல்லுமா? அதற்காகப் பேசப் போவது இந்தக் காகிதங்கள்தான்.