மூச்சோடு செல்லும் மருந்தும் அதன் கணக்கும்

தொய்வு நோயாளர் பலர் இன்று கையோடு கொண்டு திரியும் சிறிய மருந்துக் குழாய் 1956ஆம் ஆண்டிலே ஐக்கிய அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. ஒருமுறை அழுத்தி, ஒருமுறை மூச்சை உள்ளிழுத்தால் அளவிட்ட மருந்து முழுவதும் சுவாசப்பைக்குள் சென்றுவிடுகிறது என்றே நம்மிற் பலர் எண்ணிக்கொள்கிறோம். உண்மை அதுவன்று. பழைய வகைக் குழாய்களிலிருந்து வெளிப்படும் மருந்தில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது பங்குவரையே சுவாசப்பையைச் சேரும். எஞ்சியதிற் பெரும்பகுதி வாயிலும் தொண்டையிலும் படிந்து, உமிழ்நீரோடு விழுங்கப்பட்டு வயிற்றுக்குப் போய்விடும்.

இந்தப் பயணத்தைக் கணிதத்தினால் முன்கூட்டியே அறிய முடியுமா? மூச்சோடு செல்லும் துணிக்கைகள் சுவாசப்பையின் எப்பகுதியில் எவ்வளவு படியும் என்று 1935இல் கணக்கிட்டுக் காட்டியவர் பின்டைசென் என்னும் ஜேர்மனியர். அவர் மருத்துவரல்லர், முகிலையும் மழைத்துளியையும் ஆராய்ந்த வானிலை அறிஞர். காற்றில் மிதக்கும் துளி எங்கே விழும் என்பதுதானே இரண்டிடத்திலும் கேள்வி! பின்னர் 1963இல் சுவிற்சர்லாந்து அறிஞர் வைபல், வாதனாளியிலிருந்து சிற்றறைகள் வரை மூச்சுக்குழாய் 23 தடவை இரண்டிரண்டாகக் கிளைவிடுவதாகக் கொண்டு சுவாசப்பையின் அளவுகளை எழுதிவைத்தார். இன்றைய கணினி மாதிரிகள் பலவற்றுக்கு அதுவே அத்திவாரம்.

இத்தகைய மாதிரியொன்றுக்கு நாம் ஊட்டவேண்டிய கணியங்கள் மிகப் பல. துணிக்கையின் விட்டம், மூச்சின் வேகம், மருந்து நீர்மத்திற் கரையும் வேகம், சுவாசப்பையின் உட்படலத்தை அது கடக்கும் வேகம், சீதம் மேல்நோக்கி நகரும் வேகம், விழுங்கப்பட்ட மருந்தில் ஈரலைத் தப்பிக் குருதியை அடையும் பங்கு என்று பட்டியல் நீளும். இவற்றுட் சிலவற்றைச் செம்மையாக அளக்கலாம். சிலவற்றை உயிருள்ள மனிதரில் அளப்பது மிகக் கடினம், ஊகித்தே இடவேண்டும். அவ்வாறாயின் முடிவாகக் கிடைக்கும் விடையை எவ்வளவு தூரம் நம்பலாம்?

இங்கேதான் உணர்திறன் பகுப்பாய்வு என்னும் முறை உதவிக்கு வருகிறது. கறியில் உப்பு ஒரு சிட்டிகை கூடினால் நாக்கு உடனே கண்டுகொள்ளும். தண்ணீர் ஒரு கரண்டி கூடினால் எவரும் அறியார். அதுபோல, ஒவ்வொரு கணியத்தையும் சற்றே கூட்டியும் குறைத்தும் பார்த்து, விடை எதற்கு அசைகிறது, எதற்கு அசையாதிருக்கிறது என்று கண்டறிவதே இம்முறை.

துணிக்கையின் விட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு மைக்கிரோன் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஏறத்தாழ ஒன்று முதல் ஐந்து மைக்கிரோன் வரையான துணிக்கைகளே சுவாசப்பைக்கு உகந்தவை. அதனிலும் பெரியவை தொண்டையிலே மோதி நின்றுவிடும். விட்டம் நூற்றுக்குப் பத்துக் கூடினால், துணிக்கை காற்றிற் கீழிறங்கும் வேகம் நூற்றுக்கு 21 கூடும். அது சுமக்கும் மருந்தோ நூற்றுக்கு 33 கூடும். கரைவதற்கும் அதிக நேரம் செல்லும். சிறு மாற்றமொன்று இத்தனை இடங்களிற் பெருகுவதால், விட்டத்தை அளப்பதிற் கவலையீனம் கூடாது.

ஆனால் எல்லாக் கணியங்களும் இவ்வளவு வெளிப்படையாகத் தம் பலத்தைக் காட்டுவதில்லை. மூச்சுக்குழாயின் சுவரிற் பிசிர்கள் ஓயாது அசைந்து சீதத்தைத் தொண்டைப் பக்கமாகத் தள்ளுகின்றன. அங்கே படிந்த மருந்துக்கு இரண்டு கதிகள் உண்டு: கரைந்து அகத்துறிஞ்சப்படலாம், அல்லது சீதத்தோடு வெளியேற்றப்படலாம். விளக்கத்துக்காக ஓர் எளிய கணக்குச் செய்வோம். உறிஞ்சப்படும் வேகம் ஒன்பது, வெளியேறும் வேகம் ஒன்று எனின், நூற்றுக்கு 90 பங்கு உறிஞ்சப்படும். வெளியேறும் வேகத்தை இரட்டித்தாலும் 82 பங்கு எஞ்சும், பெரிய நட்டமில்லை. இனி, உறிஞ்சும் வேகமும் ஒன்றுதான் எனக் கொள்ளுங்கள். முதலில் உறிஞ்சப்படுவது 50 பங்கு. வெளியேறும் வேகத்தை இரட்டித்தால் 33 ஆகிவிடும். சீதத்தின் வேகத்தில் ஏற்பட்ட மாற்றம் இரண்டிலும் ஒன்றே. விளைவு வேறு.

விரைவிற் கரையும் சல்பியூட்டமோல் முதல் வகைக்கு அண்மையில் நிற்கும். எளிதிற் கரையாத புளூட்டிகசோன் இரண்டாம் வகைக்கு. ஆகவே ஒரு மருந்துக்குச் செய்த பகுப்பாய்வை மற்றொன்றுக்கு அப்படியே எடுத்துப் பொருத்தல் ஆகாது. ஒரு கணியத்தை மட்டும் தனியே அசைத்துப் பார்ப்பதும் போதாது. பலவற்றை ஒருங்கே அசைத்தாற்றான் அவை ஒன்றுக்கொன்று துணைபோவதும் மாறுபடுவதும் தெரியவரும். ருசியக் கணித அறிஞர் சோபோல் வகுத்த குறியெண்கள் இதற்கென்றே பயன்படுகின்றன. அவற்றுக்கு மாதிரியைப் பல்லாயிரந் தடவை இயக்கவேண்டும். ஆதலால் மொறிஸ் என்பவர் 1991இல் வெளியிட்ட சிக்கனமான முறையினால் முதலிற் பயனற்ற கணியங்களைக் கழித்துவிடுவது வழக்கம்.

இவையெல்லாம் ஆய்வுகூடத்து விளையாட்டுத்தானே என்று நேயர்கள் கருதலாம். காப்புரிமை முடிந்த மருந்தொன்றை வேறொரு நிறுவனம் மலிவாகச் செய்ய முன்வரும்போது, அது முன்னையதற்கு நிகரானதா என்று தீர்மானிக்க வேண்டும். அதற்காகக் குருதியில் மருந்தின் அளவை ஒப்பிடுவர். வாயால் உட்கொள்ளும் சல்பியூட்டமோலில் ஏறத்தாழப் பாதி குருதியை அடையும். ஆகையால் குருதியில் இரண்டும் ஒத்திருந்தாலும், ஒன்று சுவாசப்பை வழியாகவும் மற்றது பெரும்பாலும் வயிற்றின் வழியாகவும் வந்திருக்கக்கூடும். மூச்சு முட்டுபவருக்கு அவ்விரண்டும் ஒன்றாகா. புளூட்டிகசோனிலோ விழுங்கியதில் நூற்றுக்கு ஒரு பங்குகூடக் குருதிக்கு வராது. அங்கே குருதி சொல்வது சுவாசப்பையின் செய்தியே. கணியங்களை அசைத்துப் பார்க்கும்போது இவ்வேறுபாடு தெளிவாகத் தெரியும். அதனாலேயே முதல் வகை மருந்துகளைச் சோதிக்கையில், விழுங்கியதை வயிற்றிலேயே பிடித்துவைக்கக் கரித்தூள் கலந்த நீரைப் பருகக் கொடுப்பதுண்டு.

எனினும் இம்முறைக்கு ஓர் எல்லையுண்டு. மாதிரியிற் சேர்க்கப்படாத ஒன்றைப் பற்றி அது வாய் திறவாது. சிற்றறைகளிற் பிசிர்கள் இல்லை. அங்கே கரையாது கிடக்கும் துணிக்கையைக் கவர்ந்துகொள்ளும் கலங்கள் உண்டு. அவற்றை மறந்து எழுதிய மாதிரியை எத்தனையாயிரந் தடவை அசைத்தாலும், அக்கலங்கள் முக்கியமானவையா அல்லவா என்பதற்கு விடை வராது. அசைக்கும் எல்லையையும் அறிந்தே குறிக்கவேண்டும். நன்கு அளந்த விட்டத்தையும், ஊகித்து இட்ட கரைவேகத்தையும் நூற்றுக்குப் பத்து என்று ஒரே அளவால் அசைப்பது நியாயமன்று. ஊகித்தது பத்து மடங்கு பிழையாகவும் இருக்கலாம். அதற்கு அவ்வளவு இடம் விட்டே அசைக்கவேண்டும். அப்போதும் விடை பெரிதாக அசையாவிட்டால், அந்த ஊகத்தோடு வேலையைத் தொடரலாம். அசைந்தால், கணினியை நிறுத்திவிட்டு ஆய்வுகூடத்துக்குப் போய், சுவாசப்பை நீர்மத்தை ஒத்த கரைசலில் அந்த மருந்தை இட்டு, அது கரையும் நேரத்தை அளந்துவர வேண்டியதுதான்.