செகண்ட் ஹேண்டில் ஹாலிடே மெம்பர்ஷிப்: ஒரு லட்சத்துக்குக் கிடைக்கிறதே, வாங்கலாமா?

‘25 வருட ஹாலிடே மெம்பர்ஷிப். இன்னும் 10 வருடம் பாக்கி. வெளிநாடு செல்வதால் அவசர விற்பனை. விலை பேசலாம்.’

ஓஎல்எக்ஸிலோ ஃபேஸ்புக் குழுக்களிலோ பத்து நிமிடம் தேடினால் இந்த ரக விளம்பரம் ஒன்றாவது கண்ணில் படும். புதிதாக வாங்கினால் பல லட்சம் ஆகும் மெம்பர்ஷிப், இங்கே ஒரு லட்சம், ஒன்றரை லட்சம் என்று கிடைக்கிறது. வருடத்துக்கு ஏழு நாள் கொடைக்கானல், மூணாறு, கூர்க், கோவா. போக முடியாத வருடம் யாருக்காவது வாடகைக்கு விட்டால் காசும் பார்க்கலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அப்புறம் ஏன் விற்கிறார்கள்?

அதற்குப் பதில் விற்பவரின் வெளிநாட்டுப் பயணத்தில் இல்லை. அவர் வருடா வருடம் கட்டிவரும் ஒரு பில்லில் இருக்கிறது.

ஏழு நாள் சொந்தம், ரூம் சொந்தமில்லை

‘டைம்ஷேர்’ என்பது 1960-களில் ஐரோப்பாவில் தொடங்கிய யோசனை. ஒரு விடுதி அறையை ஒருவரே வாங்குவதற்குப் பதில், பலர் வாரக் கணக்கில் பங்கு போட்டுக்கொள்வது. அமெரிக்காவில் இது பெரிய தொழிலானது. இந்தியாவில் சென்னையைத் தலைமையகமாகக் கொண்ட ஸ்டெர்லிங் 1986-லும், ‘கிளப் மஹிந்திரா’வை நடத்தும் மஹிந்திரா ஹாலிடேஸ் 1996-லும் தொடங்கின. அதன் பிறகு சின்னதும் பெரியதுமாக நிறைய கிளப்கள் வந்துவிட்டன.

அமெரிக்காவில் பல டைம்ஷேர்கள் பத்திரப் பதிவுடன் வரும் சொத்து. இந்தியாவில் பெரும்பாலும் அப்படிக் கிடையாது. இங்கே கிடைப்பது ‘பயன்படுத்தும் உரிமை’ மட்டும். குறிப்பிட்ட ஆண்டுகள் வரை, வருடத்துக்கு இத்தனை இரவு, இந்த அளவு அறை, இந்த சீசன். காலம் முடிந்தால் கையில் எதுவும் மிஞ்சாது. ‘ரியல் எஸ்டேட் மாதிரி சார், வேல்யூ ஏறிக்கிட்டே இருக்கும்’ என்று யாராவது சொன்னால், அது நிலம் இல்லை, குத்தகை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். குத்தகையில் ஒவ்வொரு வருடம் கழியும்போதும் மதிப்பு குறையத்தான் செய்யும்.

முதலில் வாங்கியவர்களில் பலர் எப்படி வாங்கினார்கள் என்பதும் ஒரு கதை. மாலில் கூப்பன் எழுதிப் போட்டிருப்பார்கள். ‘பரிசு விழுந்திருக்கு, கணவன் மனைவி ரெண்டு பேரும் வரணும்’ என்று போன் வந்திருக்கும். ஹோட்டல் ஹாலில் இரண்டு மணி நேரப் பேச்சு, கடைசியில் ‘இன்னைக்கே கையெழுத்து போட்டாத்தான் இந்த ரேட்’. புதிய மெம்பர்ஷிப்பின் விலையில் இந்த விற்பனைச் செலவும் சேர்ந்தே இருக்கிறது. செகண்ட் ஹேண்ட் வாங்குபவர் அந்தச் செலவைச் சுமக்க வேண்டியதில்லை. விலை வித்தியாசத்துக்கு இது நியாயமான காரணம்.

இன்னொரு காரணம் அவ்வளவு இனிப்பானது இல்லை.

ஏஎஸ்எஃப் எனும் பில்

மெம்பர்ஷிப் தொகையை முழுக்கக் கட்டிய பிறகும், ஒவ்வொரு வருடமும் பராமரிப்புக்காக ஒரு ஆண்டுக் கட்டணம் உண்டு. ஏஎஸ்எஃப், ஏஎம்சி என்று கிளப்புக்கு ஒரு பெயர். நீங்கள் போனாலும் போகாவிட்டாலும் இது வரும். இதற்கு 18% ஜிஎஸ்டி தனி. வருடா வருடம் ஏறவும் செய்யும். எவ்வளவு ஏற்றலாம் என்பது ஒப்பந்தத்தில் இருக்கும். கட்டாவிட்டால் புக்கிங் நிறுத்தப்படும், வட்டியோடு பாக்கி சேரும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். இவை உதாரண எண்கள்தான். உங்களுக்கு வந்திருக்கும் விளம்பரத்தின் எண்களைப் போட்டு நீங்களே மாற்றிக்கொள்ளலாம்.

விற்பவர் கேட்பது 1,20,000 ரூபாய். பெயர் மாற்றக் கட்டணம் 25,000. மொத்த முதலீடு 1,45,000. பாக்கி 10 வருடம், வருடத்துக்கு 7 இரவு. ஆண்டுக் கட்டணம் 20,000, ஜிஎஸ்டியோடு 23,600.

கட்டணம் ஏறவே ஏறாது என்று வைத்தால், ஒரு இரவுக்கு சுமார் 5,440 ரூபாய். வருடம் 5% ஏறுகிறது என்று வைத்தால், பத்து வருடத்தில் கட்டணமாக மட்டும் சுமார் 2.97 லட்சம் போகும். முதலீட்டையும் சேர்த்தால் 4.42 லட்சம். 70 இரவுக்கு வகுத்தால், இரவுக்கு சுமார் 6,310 ரூபாய். அதுவும் 70 இரவையும் ஒன்று விடாமல் பயன்படுத்தினால்தான். லீவ் கிடைக்காமல், குழந்தைக்குப் பரீட்சை வந்து, வருடத்துக்கு நான்கு இரவுதான் போனீர்கள் என்றால் ஒரு இரவு 11,000-ஐத் தாண்டிவிடும்.

இதில் சாப்பாடு கிடையாது. பல ரிசார்ட்டுகள் ஊரை விட்டுத் தள்ளி இருப்பவை. வெளியே போய் இரண்டு இட்லி சாப்பிட்டு வர 12 கிலோமீட்டர் வண்டி ஓட்டுவீர்களா, உள்ளேயே பஃபேக்குக் காசு கொடுப்பீர்களா?

மறுபக்கம், ஒரு இரவு 7,500 ரூபாய் வரை உள்ள ஹோட்டல் அறைக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 5% ஆகக் குறைந்துவிட்டது. 5,000 ரூபாய் அறை 5,250-க்கு முடியும். போகாத வருடம் செலவு பூஜ்ஜியம். ஆனால் கிச்சனோடு கூடிய இரண்டு பெட்ரூம் யூனிட்டும், ஆறு பேர் கொண்ட குடும்பமும் என்றால் கணக்கு மாறும். மே மாதத்தில் அதே வசதிக்கு ஹோட்டலில் இரண்டு அறை எடுக்க வேண்டியிருக்கும். மெம்பர்ஷிப் லாபமாகும் இடம் பெரும்பாலும் இதுதான்: பெரிய குடும்பம், பெரிய யூனிட், உச்ச சீசன், வருடம் தவறாத பயணம்.

எந்த நிறம்?

விளம்பரத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் அல்லது இருக்கவே இருக்காத விஷயம் சீசன். கிளப் மஹிந்திராவில் பர்ப்பிள், ரெட், ஒயிட், புளூ என நான்கு நிறங்கள். பர்ப்பிள் உச்சம். புளூ கூட்டமே இல்லாத காலம். மேல் சீசன்காரர் கீழ் சீசனில் போகலாம். கீழே இருப்பவர் மேலே வருவது சுலபமில்லை.

மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் கீழ் சீசன், சின்ன அறை. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருந்தால் மே மாதமும் காலாண்டு, அரையாண்டு விடுமுறையும்தான் உங்கள் காலண்டர். அந்த நாட்களுக்குச் செல்லாத மெம்பர்ஷிப் எவ்வளவு மலிவாக இருந்தாலும் விலை அதிகம்தான். குழந்தை இல்லாத, ஜூலையில் வாரநாளில் லீவ் போட முடிகிற ஐடி தம்பதிக்கு அதே மெம்பர்ஷிப் சரியாகப் பொருந்தலாம்.

உச்ச சீசன் மெம்பர்ஷிப் இருந்தாலே மே மாதம் ஊட்டியில் அறை நிச்சயம் என்றும் இல்லை. அதே நிறத்தில் இருக்கும் எல்லோரும் அதே வாரத்தைத்தான் கேட்பார்கள். அறை கிடைத்த பிறகும் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் எடுக்க வேண்டும் என்பது தனிக் கதை.

வாடகைக்கு விட்டால்?

இங்கேதான் பலரும் கனவு காண்கிறார்கள். மேலே உள்ள அதே உதாரணம். இரவுக்கு 5,000 என்று ஏழு இரவையும் வாடகைக்கு விட்டால் 35,000 ரூபாய். ஆண்டுக் கட்டணம் 23,600 போனால் கையில் 11,400. வாடகையும் கட்டணமும் சேர்ந்தே வருடம் 5% ஏறுகிறது என்று வைத்தாலும், பத்து வருடத்தில் மிஞ்சுவது மொத்தம் சுமார் 1.43 லட்சம். போட்டது 1.45 லட்சம். பத்து வருடமும் ஒரு இரவுகூட வீணாகாமல், ஆள் பிடித்து, பேரம் பேசி, புக் பண்ணிக் கொடுத்த பிறகும் முதலே முழுதாகத் திரும்பவில்லை. வரும் லாபத்தை வருமான வரிக் கணக்கிலும் காட்ட வேண்டும்.

அதோடு, வாடகைக்கு விட அனுமதி இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. நண்பர்கள், உறவினர்களை விருந்தினராக அனுப்புவதைப் பல கிளப்கள் ஏற்கின்றன. அதற்குத் தனிக் கட்டணம் இருக்கலாம். வணிகப் பயன்பாட்டை ஒப்பந்தம் தடை செய்திருந்தால், ஆன்லைனில் விளம்பரம் போட்டு விடுவது மெம்பர்ஷிப்பையே சிக்கலில் தள்ளும். விருந்தினர் ரெஸ்டாரன்ட் பில்லைக் கட்டாமல் போனாலோ டிவியை உடைத்தாலோ பில் தேடி வருவது உங்களைத்தான்.

இதைவிட முக்கியமான ஒன்று பலர் கவனிக்காதது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, வணிக நோக்கத்துக்காகச் சேவையைப் பெறுபவரை ‘நுகர்வோர்’ என்று ஏற்பதில்லை. பிழைப்புக்காக சுயதொழில் செய்பவருக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. குடும்பத்தோடு போக வாங்கியவர் அறை தராத கிளப் மீது மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். வாடகைக்கு விடவே வாங்கினேன் என்பவரிடம் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கும் முதல் கேள்வியே ‘நீங்கள் நுகர்வோரா?’ என்பதாக இருக்கும்.

‘திரும்பக் கிடைக்கும்’ என்றால் உஷார்

இந்தியாவில் டைம்ஷேருக்கென்று தனிச் சட்டம் இல்லை. அந்த இடைவெளியில் நடந்ததுதான் பான்கார்டு கிளப்ஸ் விவகாரம். விடுமுறை அறை என்ற பெயரில் திட்டங்களை விற்று, தங்காவிட்டால் காலம் முடிந்ததும் பெரிய தொகையாகத் திருப்பித் தருவதாகச் சொன்னது அந்த நிறுவனம். இது டைம்ஷேர் இல்லை, அனுமதி பெறாத கூட்டு முதலீட்டுத் திட்டம் என்றது செபி. 50 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் வாங்கிய சுமார் 7,035 கோடி ரூபாயைத் திருப்பித் தரும்படி 2016 பிப்ரவரியில் உத்தரவிட்டது. ஆக, ‘தங்காவிட்டால் பணம் வட்டியோடு வரும்’ என்று யார் சொன்னாலும் அது விடுமுறை பற்றிய பேச்சு இல்லை.

பெயர் மாறும் வரை அது உங்களுடையது இல்லை

‘டிரான்ஸ்ஃபர் எல்லாம் எதுக்கு சார், லாகின் ஐடி தந்துடறேன், நீங்களே புக் பண்ணிக்கோங்க’ என்று விற்பவர் சொல்லலாம். பெயர் மாற்றக் கட்டணம் மிச்சம் என்று மனசும் சபலப்படும். ஓடிபி போவது அவர் போனுக்கு. அவர் எண்ணை மாற்றினால், இறந்துபோனால், இன்னொருவருக்கும் விற்றால், உங்கள் கையில் இருப்பது ஒரு பாஸ்வேர்டு மட்டும்.

முறையாகச் செய்வதென்றால் முதல் வேலை, விற்பவரின் பதிவு செய்யப்பட்ட மின்னஞ்சலில் இருந்தே கிளப்புக்கு எழுதச் சொல்வது. இந்த மெம்பர்ஷிப்பை மாற்ற முடியுமா, கட்டணம் எவ்வளவு, பாக்கி ஏதும் உண்டா, இஎம்ஐ முடிந்ததா, எத்தனை இரவு மீதம், அடுத்த வருட இரவுகளை முன்கூட்டியே பயன்படுத்திவிட்டாரா? எல்லாவற்றுக்கும் எழுத்தில் பதில் வர வேண்டும். ஆர்சிஐ போன்ற பரிமாற்ற வசதி, முதல் வாங்குபவருக்குத் தந்த சலுகைகள் புதியவருக்கும் தொடருமா என்பதையும் கேட்க வேண்டும். பல நேரம் தொடர்வதில்லை. கணவன், மனைவி இருவர் பெயரிலும் இருந்தால் இருவர் கையெழுத்தும் வேண்டும். சின்ன அட்வான்ஸ் மட்டும் கொடுத்துவிட்டு, பெயர் மாறியதாகக் கிளப்பிடம் இருந்து உறுதி வந்த பிறகு மீதியைக் கொடுப்பது நல்லது.

கூடவே, வெளியேறும் வழி என்ன என்பதையும் இப்போதே படித்துவிட வேண்டும். ஐந்து வருடம் கழித்து வேண்டாம் என்றால் கிளப் எடுத்துக்கொள்ளுமா, அல்லது நீங்களும் ஓஎல்எக்ஸில்தான் விளம்பரம் போட வேண்டுமா? அமெரிக்காவில் ஆண்டுக் கட்டணத்தில் இருந்து தப்பித்தால் போதும் என்று டைம்ஷேரை ஒரு டாலருக்கு இபேயில் போட்டவர்கள் உண்டு.

விற்க நினைப்பவர்களைக் குறிவைத்தும் ஒரு மோசடி ஓடுகிறது. ‘உங்க மெம்பர்ஷிப்பை நாலு லட்சத்துக்கு வாங்க பார்ட்டி ரெடி’ என்று போன் வரும். பேசுபவருக்கு உறுப்பினர் விவரம்கூடத் தெரிந்திருக்கும். என்ஓசி கட்டணம், பிறகு ஜிஎஸ்டி, பிறகு ரிஜிஸ்ட்ரேஷன் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்பார்கள். பார்ட்டி வரவே மாட்டார். ஐரோப்பிய ஒன்றியத்தில் டைம்ஷேர் மறுவிற்பனை முகவர்கள் விற்பனை முடியும் முன் முன்பணம் வாங்குவதற்கே 2008-ம் ஆண்டு விதிமுறையில் தடை இருக்கிறது. இங்கே அப்படித் தனித் தடை இல்லை. பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்கலாம். கிளப்புடனான தகராறுகளுக்கு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

இவ்வளவுக்குப் பிறகும் வாங்கும் ஆசை இருந்தால் விற்பவரிடம் ஒன்று கேட்டுப் பார்க்கலாம். இந்த வருட ஆண்டுக் கட்டணத்தை நான் தருகிறேன், கிளப் அனுமதித்தால் உங்கள் விருந்தினராக ஒரு முறை என் குடும்பத்தோடு தங்கிவிட்டு வருகிறேன், பிறகு விலை பேசுவோம். நீங்கள் கேட்ட தேதியில் அறை கிடைக்கிறதா, ஒரு நாள் சாப்பாட்டு பில் எவ்வளவு, பிள்ளைகளுக்கு அந்த இடம் பிடிக்கிறதா என்பதெல்லாம் அந்த நான்கு நாளில் தெரிந்துவிடும்.