சல்லடைக்குக் கீழே விழும் தூள்

மாடியில் தக்காளி வளர்ப்பவர்களுக்கு இது தெரிந்திருக்கும். பக்கக் கிளைகளைக் கிள்ளிவிட்டுக் கையைப் பார்த்தால், விரல் நுனியெல்லாம் பச்சையும் மஞ்சளுமாகக் கறை படிந்திருக்கும். சோப்புப் போட்டால் நுரைகூட மஞ்சளாக வரும். தண்டை ஒரு பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்தால் காரணம் தெரியும். தண்டு முழுக்க மெல்லிய ரோமங்கள், சில ரோமங்களின் உச்சியில் கண்ணாடி மணிபோல ஒரு துளி. விரல் பட்டதும் அந்த மணி உடைகிறது. கறையும் வாசனையும் அதிலிருந்துதான் வருகின்றன. துளசி இலையைக் கசக்கும்போதும், கற்பூரவல்லியைக் கிள்ளும்போதும் நடப்பது இதேதான். தாவரவியலில் இவற்றைச் சுரப்பி ரோமங்கள், ட்ரைக்கோம்கள் என்பார்கள்.

கஞ்சாச் செடியிலும் இதே ரோமங்கள் உண்டு. பெண் செடியின் பூங்கொத்தில் அவை உறைபனி படிந்ததுபோல அடர்ந்திருக்கும். காய்ந்த பூவிலிருந்து அந்த மணிகளை மட்டும் உதிர்த்துச் சலித்து எடுத்த தூளைத்தான் இன்று உலகச் சந்தையில் ‘கீஃப்’ என்கிறார்கள். வெளிர் மஞ்சளில் தொடங்கி மணல் நிறம்வரை இருக்கும். விரலிடுக்கில் வைத்து அழுத்தினால் உடல் சூட்டிலேயே பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும். இதைத் திரட்டி அழுத்திக் கட்டியாக்கினால் அதற்குப் பெயர் ஹஷீஷ். கீஃப் என்றால் ஏதோ புது ரசாயனப் போதைப்பொருள் என்று பல பெற்றோர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். புதிதாக ஒன்றும் இல்லை. கஞ்சாதான், இலையும் தண்டும் கழிந்துபோய், போதை தரும் பகுதி மட்டும் மிஞ்சிய கஞ்சா. அதன் ஆபத்தும் அதில்தான் இருக்கிறது.

செடிக்கு இந்த மணிகள் எதற்கு? பூச்சியையும் கடும் வெயிலையும் சமாளிக்கும் கவசமாக இருக்கலாம் என்று தாவரவியலாளர்கள் கருதுகிறார்கள். கஞ்சாச் செடியில் இவை மூன்று வகை. மிகச் சிறிய குமிழ்கள் ஒரு வகை. இலையோடு ஒட்டி உட்கார்ந்திருப்பவை இன்னொரு வகை. பூவைச் சூழ்ந்து காம்பின் மேல் நிற்பவை மூன்றாவது. சலிப்பவர் குறிவைப்பது இந்த மூன்றாவது வகையை. அதன் தலை 50 முதல் 100 மைக்ரான், ஏறக்குறைய நம் தலைமுடியின் பருமன். தலைக்குள் தட்டுப்போல அடுக்கிய செல்கள் பிசினைச் சுரந்து, மேலே இருக்கும் மெல்லிய தோலுக்கு அடியில் சேமிக்கின்றன. அந்தத் தோல் கிழியாமல் தலையைக் காம்பிலிருந்து ஒடித்து எடுக்க முடிந்தால் அதுதான் நல்ல தூள்.

கீஃப் என்பது அரபுச் சொல்லிலிருந்து வந்தது. ‘கைஃப்’ என்றால் இன்பம், மனம் லேசாக இருக்கும் நிலை. ஆனால் இந்தச் சொல் பிறந்து வளர்ந்த மொராக்கோவில் ‘கிஃப்’ என்று கேட்டால் உங்களுக்குத் தூள் கிடைக்காது. அங்கே கிஃப் என்றால் செடி, அல்லது அந்தச் செடியின் பூவைப் புகையிலையோடு சேர்த்து மிக நுணுக்கமாக அரிந்த கலவை. ஒரு பலகையை வைத்துக்கொண்டு, விதையையும் காம்பையும் பொறுக்கிப் போட்டு, கத்தியால் பொறுமையாக அரிவார்கள். அதை ‘சிப்சி’ என்ற நீண்ட மரக் குழலின் முனையில் செருகிய சிறு மண் கிண்ணத்தில் இட்டுப் புகைப்பார்கள். கிண்ணம் மிகச் சிறியது, இரண்டு மூன்று இழுப்புக்கே வரும். தேநீர்க் கடையில் வயதானவர்கள் உட்கார்ந்து செய்த காரியம் அது. ஒரே சொல் கடல் கடந்ததும், அரிந்த கலவையிலிருந்து சலித்த தூளாக மாறிவிட்டது. இந்த மாற்றத்துக்குப் பின்னால் ஒரு மலைநாட்டின் கதை இருக்கிறது.

மொராக்கோவின் வடக்கே, மத்தியதரைக் கடலை ஒட்டி ரிஃப் மலைத்தொடர். அதன் நடுவில் கெத்தாமா என்ற பகுதி. மேலே தேவதாரு மரங்கள், கீழே சரிவில் மெலிந்த மண். குளிரில் பனி விழும், கோடையில் சொட்டுத் தண்ணீர் இருக்காது. அங்கே கோதுமை போட்டால் விதைத்ததுகூடத் திரும்பி வராது என்ற நிலையில், மழையை மட்டும் நம்பி வளர்ந்தது கிஃப். 1890 வாக்கில் சுல்தான் முதலாம் ஹசன் அங்குள்ள சில ஊர்களுக்கு மட்டும் பயிரிட அனுமதி தந்ததாகச் சொல்வார்கள். பிறகு பிரான்சும் ஸ்பெயினும் நாட்டைப் பங்கு போட்டன. பிரெஞ்சுப் பகுதியில் புகையிலையையும் கிஃபையும் விற்கும் ஏகபோக உரிமை ஒரு கம்பெனியின் கையில் இருந்தது. அரசுக்கு அதிலிருந்து வருமானம் வந்தது. 1954இல் பிரெஞ்சுப் பகுதியில் தடை வந்தது. 1956இல் நாடு விடுதலை பெற்றதும் தடை, ஸ்பெயின் வசமிருந்த ரிஃப்புக்கும் நீண்டது. நேற்றுவரை வரி கட்டிய பயிர் ஒரே நாளில் குற்றமாயிற்று. மலையில் மாற்றுப் பயிர் எதுவும் இல்லை. ஆகவே சாகுபடி நிற்கவில்லை. வெளிச்சத்திலிருந்து நகர்ந்துபோயிற்று, அவ்வளவுதான்.

1960களில்தான் சல்லடை வந்தது. ஹஷீஷ் செய்யும் வழக்கம் லெபனானிலும் ஆப்கானிஸ்தானிலும் ஏற்கெனவே இருந்தது. ரிஃப்பில் அது வேரூன்றியது ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கிய அந்தக் காலத்தில். அரிந்த கலவை உள்ளூர்ச் சரக்கு. எடை அதிகம், வாசனை அதிகம், தூரம் போகாது. தூள் அப்படியில்லை. ஒரு கோவேறு கழுதை சுமக்கும் செடியின் சாரம் முழுதும் ஒரு பைக்குள் அடங்கிவிடும்.

சலிக்கும் முறை கேட்க எளிது. அறுத்த செடியைக் கூரை மேல் பரப்பிக் காயவைத்து, குளிர்காலம் வரை மூடிய அறையில் வைத்திருப்பார்கள். குளிர் வேண்டும் என்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. சூட்டில் பிசின் இளகித் துணியில் ஒட்டும். குளிரில் இறுகி, தொட்டாலே ஒடிந்து உதிரும். ஒரு பெரிய பேசினின் வாயில் மெல்லிய துணியை முரசுத் தோல்போல இழுத்துக் கட்டி, மேலே காய்ந்த செடியைக் குவித்து, அதற்கும் மேல் பிளாஸ்டிக் தாளைப் போர்த்தி, இரண்டு குச்சிகளால் தட்டுவார்கள். குளிர்காலத்தில் ரிஃப் கிராமங்களில் வீட்டுக்கு வீடு கேட்கும் சத்தம் இது. முதலில் சிறிது நேரம் மெதுவாகத் தட்டும்போது விழுவது முதிர்ந்த மணிகள் மட்டும். அதுவே முதல் தரம். மேலும் தட்டத் தட்ட உடைந்த இலைத்தூள், காம்பு, மண் எல்லாம் இறங்கும். நிறம் பச்சைக்கும் பழுப்புக்கும் திரும்பும், விலை இறங்கும். 100 கிலோ காய்ந்த செடியில் முதல் தரத் தூள் ஒரு கிலோ அளவுக்குத்தான் தேறும். கடைசித் தூசிவரை தட்டினாலும் மொத்தம் சில கிலோக்களைத் தாண்டாது. நம் வீட்டில் மாவு சலிக்கும் பெண்கள் முதல் சலிப்பையும் கப்பியையும் பிரிக்கும் அதே அறிவுதான் இது.

சல்லடை இல்லாத வழியும் உண்டு. இமாச்சலப் பிரதேசத்தில், பார்வதி பள்ளத்தாக்கை ஒட்டிய மலானா போன்ற ஊர்களில் பச்சைச் செடியின் பூவை உள்ளங்கைகளுக்கு நடுவே மணிக்கணக்கில் தேய்த்து, கையில் படியும் கறுப்புப் பிசினை உருட்டி எடுப்பார்கள். சரஸ் என்று இந்தியாவில் பெயர் பெற்றது அது. ஆனால் ஆங்கிலேயர் காலத்தில் வட இந்தியச் சந்தையில் விற்ற சரஸில் பெரும்பகுதி மத்திய ஆசியாவின் யார்க்கண்டிலிருந்து லே வழியாக மலை தாண்டி வந்தது. அது காய்ந்த செடியிலிருந்து சலித்துச் செய்தது. 1893–94இல் விசாரணை நடத்திய இந்தியக் கஞ்சா ஆணையம் இந்த வணிகத்தையும் விரிவாகப் பதிவு செய்திருக்கிறது.

இந்தத் தூளை அப்படியே பச்சையாக வாயில் போட்டால் பெரிதாக ஒன்றும் ஆகாது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். மணிக்குள் பெரும்பாலும் இருப்பது போதை தரும் டிஎச்சி அல்ல, அதன் அமில வடிவம். அதற்குப் போதை தரும் குணம் இல்லை. நெருப்போ அடுப்புச் சூடோ பட்டதும் அந்த அமிலத்திலிருந்து கரியமில வாயு பிரிந்து டிஎச்சி ஆகிறது. அந்த டிஎச்சியைத் தனியாகப் பிரித்து அதன் அமைப்பை 1964இல் வெளியிட்டவர்கள் இஸ்ரேலைச் சேர்ந்த ரபேல் மெஷுலமும் யெஹியேல் காவோனியும். அவர்கள் ஆராய்ந்த பொருள், காவல்துறை பிடித்து வைத்திருந்த லெபனான் ஹஷீஷ். அதாவது இதேபோலச் சலித்து எடுத்த பிசின். பின்னர் 1992இல் மெஷுலமின் குழு நம் மூளையே சுரக்கும் ஒரு பொருளைக் கண்டுபிடித்தது. டிஎச்சி போய் ஒட்டும் அதே இடத்தில் அதுவும் போய் ஒட்டுகிறது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் ஆனந்தமைடு. நாம் அன்றாடம் சொல்லும் அதே ‘ஆனந்தம்’தான், சமஸ்கிருதத்திலிருந்து எடுத்தார்கள். மலைக்காரர் செடிக்கு வைத்த பெயருக்கும் வேதியியலாளர் மூளைப் பொருளுக்கு வைத்த பெயருக்கும் பொருள் ஒன்றே.

பெயரில் இன்பம் இருக்கிறது, உண்மைதான். ஆனால் நம் மூளை அந்த ஆனந்தமைடைத் தேவைப்படும் நொடியில் துளியளவு சுரந்து உடனே அழித்துவிடும். தூளிலிருந்து வரும் டிஎச்சி அப்படிப் போகாது, மணிக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும். இன்றைய வீரிய ரகப் பூவில் 15 முதல் 25 சதவீதம் டிஎச்சி இருக்கலாம். நன்றாகச் சலித்த தூளில் அது 50 சதவீதத்தைக்கூடத் தொடும். பூவைப் பிடித்துப் பழகியவர் அதே அளவு தூளைப் போட்டால் இரண்டு மூன்று மடங்கு உள்ளே போகிறது. நெஞ்சு படபடப்பு, காரணமில்லாத திகில், யாரோ பின்தொடர்வது போன்ற சந்தேகம் எல்லாம் அப்போதுதான் வருகின்றன. தின்பண்டத்தில் கலந்து தின்பது இன்னும் ஏமாற்றும். புகை சில நிமிடத்தில் ஏறும். வயிற்றுக்குள் போனது கல்லீரலைத் தாண்டி, இன்னும் வீரியமான வேறொரு பொருளாக மாறித்தான் மூளைக்குப் போகும். அதற்கு அரை மணி நேரம் ஆகலாம், இரண்டு மணி நேரமும் ஆகலாம். ‘ஒன்றும் ஏறவில்லையே’ என்று இன்னொரு துண்டைத் தின்பவர்தான் நள்ளிரவில் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு வருகிறார்.

பதின்வயதுப் பிள்ளைகளைப் பற்றி நான் தயங்காமல் சொல்வேன்: கூடவே கூடாது. மூளை இருபது வயதைத் தாண்டியும் வளர்ந்துகொண்டிருக்கிறது. சிறு வயதில் தொடங்கி, வீரியம் மிகுந்த சரக்கை அன்றாடம் எடுப்பவர்களுக்கு மனச்சிதைவு போன்ற நோய் வரும் ஆபத்து கூடுவதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. குடும்பத்தில் ஏற்கெனவே அந்த நோய் இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். கர்ப்பிணிகளும் இதய நோயாளிகளும் கிட்டேயே போகக் கூடாது. இத்தனைக்கும் நடுவே, தூளில் வேறு என்ன கலந்திருக்கிறது என்பது வாங்குபவருக்குத் தெரியாது. மாட்ரிட் தெருக்களில் வாங்கிய ஹஷீஷை ஸ்பெயின் ஆய்வாளர்கள் சோதித்து 2019இல் வெளியிட்ட முடிவில், நான்கில் மூன்று மாதிரிகளில் மலத்தில் இருக்கும் ஈ.கோலை பாக்டீரியா ஆபத்தான அளவில் இருந்தது. கடத்துபவர்கள் பொட்டலத்தை விழுங்கி வயிற்றில் வைத்துக் கொண்டுவந்ததன் அடையாளம் அது.

நம் ஊரில் ‘சும்மா தூள்தானே’ என்று பையில் வைத்திருக்கும் இளைஞர்களுக்குச் சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது என்பது தெரிவதில்லை. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடைச் சட்டத்தில் கஞ்சா என்பது பூவும் காயும் உள்ள நுனிப் பகுதி. செடியிலிருந்து பிரித்தெடுத்த பிசின் எந்த வடிவில் இருந்தாலும் அது சரஸ். சலித்த தூள் இந்த இரண்டாவது கணக்கில் வருகிறது. கஞ்சாவில் ஒரு கிலோ வரை ‘சிறு அளவு’. சரஸில் 100 கிராம் வரைதான். கஞ்சாவில் 20 கிலோவைத் தாண்டினால் ‘வணிக அளவு’. சரஸில் ஒரு கிலோவைத் தாண்டியதுமே அது தொடங்கிவிடும், தண்டனை குறைந்தது 10 ஆண்டு. சிறு அளவுக்கும் ஓராண்டு வரை சிறை உண்டு. செடி ஒன்றே, சல்லடை தாண்டியதும் தராசு மாறிவிடுகிறது.

ரிஃப்பில் தட்டியவர்களுக்கு என்ன கிடைத்தது? ஐ.நா. போதைப்பொருள் அலுவலகம் மொராக்கோ அரசோடு சேர்ந்து 2003இல் கணக்கெடுத்தது. 1,34,000 ஹெக்டேரில் பயிர், ஏறக்குறைய எட்டு லட்சம் பேர் அதை நம்பி வாழ்ந்தார்கள். சந்தையில் புழங்கிய பணம் 1,200 கோடி டாலர் என்று மதிப்பிட்டார்கள். அதில் விவசாயிகள் கைக்கு வந்தது 21.4 கோடி, நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. பேசினில் தூள் போய்விட்டது, துணியின் மேல் சக்கைதான் அவர்களுக்கு மிஞ்சியது என்று அந்தக் கணக்கைப் படிக்கும்போதெல்லாம் தோன்றும். போதாக்குறைக்கு, ஐரோப்பியச் சந்தை கேட்டதென்று வீரிய ஒட்டு ரகங்கள் வந்தன. விளைச்சலும் வீரியமும் கூடின. ஆனால் மழையில் வளர்ந்த பயிருக்குப் பதிலாகக் கிணற்றை உறிஞ்சும் பயிர் வந்தது, ஊற்றுகள் வற்றின. கைது வாரண்டுக்குப் பயந்து ஆயிரக்கணக்கானவர்கள் அடையாள அட்டை புதுப்பிக்கக்கூடக் கீழே டவுனுக்கு இறங்காமல் வாழ்ந்தார்கள்.

2021இல் மொராக்கோ 13-21 எண்ணுள்ள சட்டத்தைக் கொண்டுவந்தது. மருந்து, அழகுசாதனம், தொழில் தேவைகளுக்காக அல் ஹொசெய்மா, ஷெஃப்ஷாவுன், தாவ்னாத் ஆகிய மூன்று மாகாணங்களில் உரிமம் பெற்றுப் பயிரிடலாம். விவசாயிகள் கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்து விற்க வேண்டும். போதைக்காகப் பயன்படுத்துவது இன்றும் குற்றமே. 2023இல் முதல் சட்டபூர்வ அறுவடை 294 டன், சட்டத்துக்கு வெளியே விளைவதோடு ஒப்பிட்டால் கையளவு. அடுத்த ஆண்டு, தண்ணீர் கேட்காத பழைய நாட்டு ரகமான பெல்தியாவையும் விதைக்க அனுமதித்தார்கள். அதே 2024இல், சாகுபடி வழக்குகளில் தண்டனை பெற்றவர்கள், வழக்கு நடப்பவர்கள், தேடப்படுபவர்கள் என 4,831 பேருக்கு மன்னர் ஆறாம் முகமது மன்னிப்பு வழங்கினார். அந்த உத்தரவு வந்தது ஆகஸ்டில். மலையில் பெல்தியாவை அறுத்துக் கூரை மேல் காயப்போடும் நாட்கள் அவை.