வரிசை மாறினால் ஊர் காணாமல் போகும்

திருவண்ணாமலை கிரிவலப் பாதையின் மேற்கே இருக்கும் அடி அண்ணாமலையையும் சுற்றுவட்டார ஊர்கள் சிலவற்றையும் அகராதி முறையில் அடுக்கினால் அடி அண்ணாமலை, அண்ணா நகர், அணைக்கட்டு, அவலூர்பேட்டை, அனக்காவூர் என்று வரும். புள்ளி வைத்த 'ண்' முன்னால், 'ன' கடைசியில். எழுத்துகளின் குறியீட்டு எண்ணை மட்டும் பார்க்கும் கணினியோ அணைக்கட்டை அண்ணா நகருக்கு முன்னும், அனக்காவூரை அவலூர்பேட்டைக்கு முன்னும் வைக்கும். இந்திய மொழிகள் பலவற்றுக்கும் பொதுவாக 1988இல் வகுத்த இஸ்கி குறியீட்டு அட்டவணையை ஒட்டியே யூனிகோடில் தமிழுக்கு இடம் ஒதுக்கினார்கள். அதனால்தான் ந-வுக்குப் பக்கத்தில் ன, ர-வுக்குப் பக்கத்தில் ற.

இது வெறும் அழகுப் பிரச்சினை இல்லை. தரவுத்தளத்தின் இண்டெக்ஸ் இந்த வரிசையை நம்பித்தான் தேடுகிறது. நடுவில் ஒரு பெயரைப் பார்த்து, தேடுவது அதற்கு முன்னா பின்னா என்று கேட்டு, மறுபாதியை அப்படியே ஒதுக்கிவிடும். பத்து லட்சம் பெயர்களில் ஒன்றைப் பிடிக்க ஏறத்தாழ இருபது ஒப்பீடு போதும். எது முன், எது பின் என்று சொல்வது மொழி அமைப்பு.

அந்த அமைப்பை நாமே மாற்றினால் போஸ்ட்கிரெஸ் போன்ற தரவுத்தள மென்பொருள் இண்டெக்ஸைப் புதிதாகக் கட்டிக்கொள்ளும். ஆபத்து, நாம் எதையும் தொடாதபோதுதான் வருகிறது. லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சி, 2018 ஆகஸ்டில் வந்த 2.28 பதிப்பில் பல மொழிகளின் வரிசை விதிகளை மாற்றியது. அதுவரை 11-க்குப் பின்னால் நின்ற 1-1 என்ற கதவு எண், அதற்குப் பிறகு முன்னால் வந்தது. இண்டெக்ஸ் பழைய வரிசையிலேயே வட்டில் கிடக்க, தேடல் புது விதிப்படி வேறு கிளைக்குள் போனது. பதிவு பத்திரமாக இருக்கும், 'இல்லை' என்று பதில் வரும். ஒரே பெயர் இரண்டு முறை வரக்கூடாது என்று போட்ட பூட்டும் திறந்துகொள்ளும், ஏனென்றால் முதல் பதிவு அதன் கண்ணில் படாது. எந்தப் பிழைச் செய்தியும் வராது என்பதுதான் இதில் கொடுமை.

ரேஷன் அட்டை எண் போல அகரவரிசை தேவைப்படாதவற்றுக்குக் குறியீட்டு எண் வரிசையே போதும், அது மாறாது. மக்கள் படிக்கும் ஊர்ப்பட்டியலுக்குத் தமிழ் வரிசைதான் வேண்டும். போஸ்ட்கிரெஸ் 2017இல் வந்த 10ஆம் பதிப்பிலிருந்து ஐசியு நூலகத்தின் தமிழ் விதியைத் தருகிறது. அந்த விதிக்கும் பதிப்பு எண் உண்டு. சர்வரைப் புதுப்பிக்கும் நாளில் அந்த எண்ணைச் சரிபார்த்து, மாறியிருந்தால் சேவையைத் திறக்கும் முன்பே ரீஇண்டெக்ஸ் கட்டளையை ஓட்டிவிட வேண்டும்.