ஆகாயத்தில் பறந்த டாங்கி!

பிரான்சில் பிறந்து லடாக்கில் காவல் நின்ற கதை

1962ஆம் ஆண்டு, அக்டோபர் மாதம். சீனப் படை இமயமலை எல்லையைத் தாண்டி வந்துவிட்டது.

லடாக்கில் சூசுல் என்று ஓர் ஊர். அங்கே ஒரு சின்ன விமானத் தளம். கடல் மட்டத்துக்கு 14,000 அடிக்கு மேலே இருக்கிறது. அந்தத் தளம் பறிபோனால் லே நகரத்துக்குப் போகும் வழி திறந்துவிடும்.

சூசுலைக் காப்பாற்ற டாங்கிகள் தேவைப்பட்டன. ஆனால் மலைப்பாதையில் டாங்கிகளை ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்க்க நேரம் இல்லை.

அப்போது இந்திய ராணுவமும் விமானப் படையும் சேர்ந்து ஒரு துணிச்சலான காரியம் செய்தன. சண்டிகாரில் ஏ.என். 12 என்ற பெரிய சரக்கு விமானத்தின் வயிற்றுக்குள் ஒரு டாங்கியை ஏற்றினார்கள். விமானம் இமயமலையின் பனிச் சிகரங்களைத் தாண்டிப் பறந்தது. சூசுலில் இறங்கியது. பின்பக்கக் கதவு திறந்தது. டாங்கி வெளியே வந்தது!

இப்படி ஒன்றல்ல, இரண்டல்ல, ஆறு டாங்கிகள் பறந்து போயின. அவை 20ஆவது லான்சர்ஸ் படைப்பிரிவைச் சேர்ந்தவை. ஏ.எம்.எக்ஸ். 13 என்பது அந்த டாங்கியின் பெயர். பிரான்சு நாட்டில் செய்தது.

டாங்கி என்றால் இரும்பு யானை அல்லவா? அது எப்படி விமானத்தில் ஏறியது?

அந்த ரகசியம் தெரிய வேண்டுமானால், முதல் உலகப் போருக்குப் போக வேண்டும்.

தண்ணீர்த் தொட்டி

1914இல் அந்தப் போர் தொடங்கியது. சீக்கிரத்திலேயே இரு தரப்புச் சிப்பாய்களும் பதுங்கு குழி வெட்டி உள்ளே உட்கார்ந்துவிட்டார்கள். எதிரே முள்கம்பி வேலி. அதற்கு அப்பால் யந்திரத் துப்பாக்கி. தலையைத் தூக்கினால் சாவு!

குண்டுக்கு அஞ்சாமல், முள்கம்பியை மிதித்துக்கொண்டு, குழியைத் தாண்டிப் போகும் வண்டி ஒன்று வேண்டும். இங்கிலீஷ்காரர்கள் அதை ரகசியமாகச் செய்தார்கள். "இது என்ன?" என்று யாராவது கேட்டால், "தண்ணீர் டேங்க்" என்று சொல்லிவிட ஏற்பாடு. அந்தப் பொய்ப் பெயரே நிலைத்துவிட்டது. நாம் 'டாங்கி' என்று சொல்வதும் அதைத்தான்.

1916 செப்டம்பர் 15ஆம் தேதி அந்த வண்டி முதன்முதலாகப் போருக்கு வந்தது. எடை 28 டன். உள்ளே 8 பேர். நடுவில் எஞ்சின்! அதன் சூட்டிலும் புகையிலும் ஆட்கள் மயங்கி விழுந்தார்கள்.

மறு வருஷம் பிரெஞ்சுக்காரர்களும் டாங்கிகளை இறக்கினார்கள். 1917 ஏப்ரல் 16ஆம் தேதி அவற்றின் முதல் சண்டை. போன டாங்கிகளில் பாதிக்கு மேல் திரும்பவில்லை. பல தீப்பிடித்து எரிந்தன.

தேனீக் கூட்டம்

பிரெஞ்சு ராணுவத்தில் எஸ்தியென் என்ற பீரங்கிப் படை அதிகாரி இருந்தார். அவர் யோசித்தார்: "பெரிய டாங்கி ஒன்று செய்யும் செலவில் சின்ன டாங்கிகள் பல செய்யலாமே! தேனீக் கூட்டம் போல ஒரே சமயத்தில் விட்டால் எதிரி எத்தனையைச் சுடுவான்?"

இந்த யோசனையோடு அவர் லூயி ரெனோ என்ற கார் தொழிற்சாலை முதலாளியிடம் போனார். சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் கார் தொழிற்சாலை வைத்திருக்கிறதே ரெனோ கம்பெனி, அதன் பெயர் இவருடையதுதான்.

1915இல் எஸ்தியென் முதலில் கேட்டபோது, "சங்கிலிப் பட்டை வண்டி செய்து எனக்குப் பழக்கமில்லை" என்று ரெனோ மறுத்துவிட்டார். 1916இல் மறுபடி சந்தித்தபோது ஒப்புக்கொண்டார். ரெனோவிடம் வேலை பார்த்த எர்ன்ஸ்ட்-மெட்ஸ்மேயர் என்ற பொறியியல் வல்லுநர் அதற்குப் படம் வரைந்தார். 1917இல் வண்டி உருவாகிவிட்டது. அதன் பெயர் ரெனோ எப்.டி.

இரண்டே பேர்

ரெனோ எப்.டி.யின் எடை ஏறக்குறைய ஆறரை டன். உள்ளே இரண்டே பேர். முன்னால் ஓட்டுகிறவர், அவருக்குப் பின்னால், சற்று உயரத்தில், சுடுகிறவர். எஞ்சின் கடைசியில். அதற்கும் ஆட்களுக்கும் நடுவே ஒரு தடுப்பு. ஆகவே, புகையும் சூடும் ஆட்களைக் கொல்லவில்லை.

சுடுகிறவரின் தலைக்கு மேலே ஒரு சின்னக் கோபுரம். அதில் ஒரு 37 மில்லிமீட்டர் பீரங்கியோ, ஒரு யந்திரத் துப்பாக்கியோ இருக்கும். கோபுரத்தை ஒரு முழுச் சுற்றுச் சுற்றலாம். வண்டி வடக்கே பார்த்து நின்றாலும் தெற்கே சுடலாம்!

முன்னால் ஓட்டுகிறவர், நடுவில் சுழலும் கோபுரம், பின்னால் எஞ்சின். இன்றைக்கு உலகத்தில் ஓடும் டாங்கிகளில் பெரும்பாலானவை இந்த அமைப்பில்தான் இருக்கின்றன. நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் அது மாறவில்லை.

முன்பக்கச் சக்கரங்கள் இரண்டும் பெரியவை, உயரமாக வைக்கப்பட்டவை. மேட்டில் முட்டினால் நிற்காது, மேலே ஏறும். அந்தச் சக்கரங்கள் பல, மரத்தில் செய்து இரும்புப் பட்டை போட்டவை. நம் மாட்டு வண்டிச் சக்கரம் மாதிரியேதான்! பின்னால் ஒரு வால் இருந்தது. குழியைத் தாண்டும்போது வண்டி மல்லாந்து விழாமல் அந்த வால் தாங்கிக்கொள்ளும்.

உதைதான் உத்தரவு

உள்ளே இரைச்சல் காதைப் பிளக்கும். ரேடியோ கிடையாது. பின்னால் இருப்பவர் முன்னால் இருப்பவருக்கு எப்படி உத்தரவு கொடுப்பது?

காலால்தான்! முதுகில் உதைத்தால், முன்னே போ. வலது தோளில் உதைத்தால், வலப்பக்கம் திரும்பு. தலையில் தட்டினால், நில். மேலதிகாரியின் உதையை இவ்வளவு பொறுமையாக வாங்கிக்கொண்டு வேலை பார்த்தவர்கள் வேறு யாரும் இருக்க முடியாது.

அந்த டாங்கிக்குக் குறைகளும் உண்டு. வேகம் மணிக்கு 5 மைல்கூட இல்லை. எஞ்சினைக் குளிர்விக்கும் விசிறியின் பெல்ட் அடிக்கடி அறுந்துபோகும். மாவு மில்லில் பெல்ட் அறுந்தால் மாவு மட்டும்தான் நிற்கும். போர்க்களத்தில் பெல்ட் அறுந்தால் உயிருக்கே ஆபத்து!

ஆனாலும் எஸ்தியெனின் கணக்கு பலித்தது. 1918 மே 31ஆம் தேதி ரெனோ எப்.டி. முதல் சண்டைக்குப் போனது. இலேசான வண்டி என்பதால் லாரியிலேயே ஏற்றிப் போர்முனைக்குக் கொண்டுபோனார்கள். போர் முடிவதற்குள் 3,000க்கும் மேல் செய்து குவித்தார்கள்.

பிறகு பல நாடுகள் அதை வாங்கின. ஆப்கானிஸ்தானத்துக்கும் போனது. 2003இல் காபூல் நகரில் பழைய இரும்போடு இரும்பாகக் கிடந்த ரெனோ டாங்கிகளை அமெரிக்கச் சிப்பாய்கள் கண்டெடுத்தார்கள். அங்கிருந்து இன்னொன்று 2012இல் போலந்து நாட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

தோலும் கவசமும்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரத்து மக்களுக்கு ஒரு விஷயம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஷூவின் அடித்தோலுக்கு ஒரு கனம். மேல்தோலுக்கு வேறு கனம். எல்லாத் தோலையும் தடியாகப் போட்டால் ஷூவைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது. எல்லாவற்றையும் மெல்லிசாகப் போட்டால் முள் குத்திவிடும்.

முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் போட்ட பூட்ஸுக்குச் சென்னை ராஜதானியில் பதனிட்ட தோல் ஏராளமாகப் போனது. பூட்ஸ் தைத்தவரின் கணக்கும் டாங்கி செய்தவரின் கணக்கும் ஒன்றுதான்.

ரெனோ டாங்கியின் இரும்புத் தகடு கோபுரத்தில் 22 மில்லிமீட்டர் கனம். மற்ற இடங்களில் அதற்கும் குறைவு. துப்பாக்கிக் குண்டு துளைக்காது. ஆனால் பீரங்கிக் குண்டு விழுந்தால் தாங்காது. இலேசாக இருப்பதற்குக் கொடுத்த விலை அது.

தலையாட்டும் கோபுரம்

இரண்டாம் உலகப் போர் முடிந்தது. 1946இல் பிரெஞ்சுக்காரர்கள் மறுபடி ஒரு சின்ன டாங்கிக்குத் திட்டம் போட்டார்கள். விமானத்தில் ஏற்றக்கூடியதாக இருக்க வேண்டும். ஆனால் பெரிய டாங்கியை அடிக்கக்கூடிய பீரங்கி வேண்டும். எடை 13 டன் என்று குறி வைத்தார்கள். அந்த எண்ணே பெயரில் ஒட்டிக்கொண்டது. 1952 முதல் ஏ.எம்.எக்ஸ். 13 தொழிற்சாலையிலிருந்து வரத் தொடங்கியது. குண்டும் பெட்ரோலும் ஏற்றிப் போருக்குக் கிளம்பும்போது அதன் எடை சுமார் 15 டன்.

எடையைக் குறைக்க என்ன செய்தார்கள்? ஓர் ஆளைக் குறைத்தார்கள்!

சாதாரணமாகக் கோபுரத்துக்குள் மூன்று பேர் இருப்பார்கள். ஒருவர் தலைவர், ஒருவர் சுடுகிறவர், ஒருவர் குண்டு போடுகிறவர். குண்டு போடுகிறவர் நின்று வேலை செய்ய இடம் வேண்டும். இடம் பெருத்தால் தகடு பெருக்கும். தகடு பெருத்தால் எடை பெருக்கும்.

ஆகவே அந்த வேலையை யந்திரத்திடம் கொடுத்தார்கள். கோபுரத்தின் பின்புறம் இரண்டு டிரம்கள். ஒவ்வொன்றிலும் 6 குண்டுகள். ஒரு குண்டு வெடித்ததும் டிரம் சுழன்று அடுத்த குண்டைக் கொடுக்கும். கைத்துப்பாக்கியின் உருளை சுழலுவது போல!

ஆனால் ஒரு சங்கடம். பீரங்கியின் வாய் மேலே போனால் அடிப்பாகம் கீழே இறங்கும். அப்போது டிரம்மும் பீரங்கியும் நேருக்கு நேர் வராதே!

அதற்கு அவர்கள் கண்ட வழி விசித்திரமானது. கோபுரத்தை இரண்டு துண்டாக்கினார்கள். கீழ்த்துண்டு சுற்றும். மேல்துண்டு பீரங்கியையும் டிரம்மையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு முன்னும் பின்னும் சாயும். கோபுரமே தலையாட்டும்! பீரங்கி எங்கே பார்த்தாலும் டிரம் அதன் பின்னாலேயே இருக்கும்.

இதிலும் ஒரு குறை உண்டு. 12 குண்டும் தீர்ந்தால், ஆட்கள் வெளியே வந்துதான் டிரம்களை நிரப்ப வேண்டும். சண்டை நடக்கும்போது வெளியே வருவதாவது! டாங்கியைப் பின்னுக்குக் கொண்டுபோய் மறைவில் நிறுத்த வேண்டியதுதான்.

மெட்ராஸ் சாப்பர்கள் போட்ட பாதை

மலை உச்சிக்கு டாங்கி போனது சூசுலில் முதல் தடவை அல்ல. 1948இல் காஷ்மீரத்தின் சோஜி லா கணவாயை எதிரிகள் அடைத்துக்கொண்டார்கள். அது 11,000 அடிக்கு மேலே உள்ள இடம்.

ஜெனரல் திம்மய்யா அங்கே டாங்கிகளைக் கொண்டுபோக முடிவு செய்தார். அவை அமெரிக்காவில் செய்த ஸ்டூவர்ட் என்ற இலேசு டாங்கிகள். வழியில் பாலங்கள் பலமில்லாதவை. ஆகவே கோபுரங்களைக் கழற்றித் தனியாகக் கொண்டுபோனார்கள்.

கோவேறு கழுதை நடக்கும் ஒற்றையடிப் பாதையை டாங்கி போகும் பாதையாக அகலப்படுத்தியவர்கள் மெட்ராஸ் சாப்பர்கள். தென்னாட்டுச் சிப்பாய்கள் நிறைந்த படை அது. 1948 நவம்பர் 1ஆம் தேதி, பனி கொட்டும் நேரத்தில், 7ஆவது லைட் காவல்ரியின் டாங்கிகள் கணவாய்க்குள் நுழைந்தன. எதிரிகள் திகைத்து ஓடினார்கள்.

குருங் குன்றின் சண்டை

மறுபடி சூசுலுக்கு வருவோம். 14,000 அடி உயரத்தில் காற்று மெலிந்துவிடும். கடற்கரையில் இருக்கும் காற்றில் ஐந்தில் மூன்று பங்குதான் அங்கே இருக்கும். மனிதனுக்கு மூச்சு வாங்கும். எஞ்சினுக்கும் மூச்சு வாங்கும். ஒடுகத்தூர்ச் சந்தையில் ஆடு ஏற்றிய லாரி ஜவ்வாது மலை ஏற்றத்திலேயே முனகுகிறது. அந்த மலையைப் போல நான்கு மடங்கு உயரத்தில் 250 குதிரை சக்தி எஞ்சின் என்ன பாடுபட்டிருக்கும்!

1962 நவம்பர் 18ஆம் தேதி விடியற்காலை. சீனர்கள் ரெசாங் லாவிலும் குருங் குன்றிலும் பாய்ந்தார்கள். குருங் குன்றில் கூர்க்காச் சிப்பாய்கள் நின்றார்கள். அவர்களுக்குத் துணையாக ஏ.எம்.எக்ஸ். டாங்கிகள் கீழேயிருந்து குண்டு பொழிந்தன.

ரெசாங் லாவுக்கு அந்தத் துணை கிடைக்கவில்லை. நடுவே மலை மறைத்ததால் நம் பீரங்கிகள் அங்கே சுட முடியவில்லை. மேஜர் ஷைத்தான் சிங்கும் அவருடைய குமாவோன் படை வீரர்கள் நூற்றுக்கு மேற்பட்டவர்களும் கடைசி வரை நின்று உயிரைக் கொடுத்தார்கள். மேஜருக்குப் பரம்வீர சக்கரம் வழங்கப்பட்டது.

நம் படை சூசுலுக்கு மேற்கே உள்ள மேடுகளுக்குப் பின்வாங்கியது. சில நாட்களில் சண்டை நின்றது. சூசுல் விமானத் தளம் எதிரியின் கைக்குப் போகவில்லை.

1965 செப்டம்பர் 1ஆம் தேதி இதே 20ஆவது லான்சர்ஸ் சாம்ப் என்ற இடத்தில் பாகிஸ்தானின் பாட்டன் டாங்கிகளைச் சந்தித்தது. பாட்டனின் எடை ஏ.எம்.எக்ஸைப் போல மூன்று மடங்கு! மெல்லிய தகட்டை நம்பி நிற்க முடியாது. முந்திச் சுட வேண்டும், உடனே இடம் மாற வேண்டும். அன்றைய சண்டையில் காட்டிய வீரத்துக்காக மேஜர் பாஸ்கர் ராய் மகாவீர சக்கரம் பெற்றார்.

ஆவடியில் அடுத்த வாரிசு

ஆம்பூரிலிருந்து சென்னைக்கு ரயிலில் போகிறவர்கள் ஆவடியைத் தாண்டித்தான் போக வேண்டும். அங்கே 1965 கடைசியில் 'விஜயந்தா' டாங்கி வெளிவந்தது. அது கனமான டாங்கி.

2020இல் லடாக்கில் மறுபடி பதற்றம் ஏற்பட்டது. 40 டன்னுக்கு மேற்பட்ட டாங்கிகளை அந்த உயரத்துக்குக் கொண்டுபோனார்கள். இலேசான டாங்கி இருந்தால் நல்லது என்ற எண்ணம் மீண்டும் வலுத்தது.

ஆவடியில் உள்ள போர் வாகன ஆராய்ச்சி நிலையமும் லார்சன் அண்ட் டூப்ரோ கம்பெனியும் சேர்ந்து 25 டன்னில் ஒன்றை உருவாக்கின. பெயர் 'சோராவர்'. லடாக்கை வென்ற பழைய தளபதியின் பெயர் அது. 2024 ஜூலையில் அந்த டாங்கி உலகத்துக்குக் காட்டப்பட்டது. அதே வருஷம் டிசம்பரில் 4,200 மீட்டருக்கு மேல் உயரத்தில் சுட்டுப் பரீட்சை பார்த்தார்கள்.

முன்னால் ஓட்டுகிறவர் இருக்கிறார். மேலே கோபுரம் சுழல்கிறது. ஒரே ஒரு வித்தியாசம்: உதைத்து உத்தரவு கொடுக்க வேண்டியதில்லை!